சார்ஜன்ட் மீனைப் பவளத்திட்டில் கவனிப்பது எப்படி?

வெப்பமண்டலக் கடல்களின் ஆழமற்ற பவளத்திட்டுகளில் முகமூடி அணிந்து நீந்துபவர்கள் முதல் சில நிமிடங்களிலேயே காணும் மீன்களுள் ஒன்று சார்ஜன்ட் மேஜர் மீன். வெளிறிய உடலின் குறுக்கே ஐந்து கரும்பட்டைகள் இறங்கும். முதுகின் மேற்புறத்தில் மஞ்சள் நிறம் படர்ந்திருக்கும். நன்கு வளர்ந்த மீன் இருபது சென்டிமீட்டர் வரை எட்டும். எங்கும் கூட்டமாகக் காணப்படுவதால் பெரும்பாலானோர் இதை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆமையையோ சுறாவையோ தேடிக் கடந்து போய்விடுகிறார்கள். பவளத்திட்டின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில், இம்மீனின் வாழ்வில் மிக முக்கியமான நாள்கள் மறைவான பொந்துக்குள் கழிவதில்லை. மேலே மிதந்தபடியே பார்க்கக்கூடிய ஒரு பாறையின் திறந்த முகப்பில் கழிகின்றன. காற்று உருளையோ ஆழ்கடல் மூழ்கும் பயிற்சியோ இல்லாமல், ஒரு முகமூடியும் மூச்சுக்குழாயும் பொறுமையும் கொண்டு அவற்றைக் காண்பது எவ்வாறு என்பதை இங்கு விளக்குகிறேன்.

இம்மீன் டாம்செல் மீன்கள் எனப்படும் போமாசென்ட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 400 இனங்களைக் கொண்ட அக்குடும்பத்தில், கடற்சாமந்திகளுக்குள் வாழும் கோமாளி மீன்களும் அடக்கம். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் கடலிலும் வாழும் சார்ஜன்ட் மீனின் அறிவியல் பெயர் அபுடெஃப்டஃப் வைஜியென்சிஸ். நியூகினியாவின் மேற்கு முனையை அடுத்துள்ள வைகியோ தீவின் பெயரால், பிரெஞ்சு இயற்கையியலாளர்களான குவாயும் கெய்மாரும் 1825இல் இப்பெயரை இட்டனர். செங்கடலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையும் தொடங்கி, நம் மன்னார் வளைகுடாவையும் இலங்கையையும் கடந்து, ஜப்பானின் தென்பகுதி, ஆஸ்திரேலியா, பசிபிக்கின் நடுவிலுள்ள தீவுகள் வரை இது பரவியுள்ளது. அட்லாண்டிக் கடலில் இதே தோற்றத்தில் காணப்படுவது அபுடெஃப்டஃப் சாக்ஸாடிலிஸ் என்னும் வேறோர் இனம்.

எங்கே, எப்போது இறங்குவது

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகிய பவளத்தோட்டத்தையே தேட வேண்டியதில்லை. சார்ஜன்ட் மீனுக்கு வேண்டியவை மூன்று: மிதவையுயிரிகளைக் கொண்டுவரும் நீரோட்டம், இரவில் ஒடுங்குவதற்கான இடுக்குகள், முட்டையிடுவதற்கு ஏற்ற கடினமான பரப்பு. இவை கிடைத்தால் பவளத்திட்டு, பாறைக்கரை, படகுத்துறைத் தூண், மூழ்கிய கப்பலின் உடல் எனப் பலவற்றிலும் அது குடியேறும். குஞ்சுகள் பாறைக்கரைகளின் ஓதக்குட்டைகளிலும், அலையில் மிதந்து வரும் கடற்பாசித் திரள்கள், மரக்கட்டைகள், கயிறுகள் ஆகியவற்றின் அடியிலும் தென்படும்.

தமிழ் வாசகர்களுக்கு எளிதில் எட்டக்கூடிய இடங்களுள் திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரைக்கு எதிரேயுள்ள புறாத்தீவைச் சொல்லலாம். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அத்தீவைச் சுற்றிய ஆழமற்ற திட்டுகளில் இம்மீன்கள் தாராளமாக உள்ளன. வடகிழக்குப் பருவக்காற்று அடங்கிய பிறகு, சித்திரை கடந்து ஆவணி வரை அங்கே நீர் தெளிவாக இருக்கும். தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவையில் பருவம் நேர்மாறானது. கார்த்திகை முதல் பங்குனி வரையே அங்கு கடல் அமைதியாக இருக்கும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஆகவே அத்தீவுகளை அண்டி நீரில் இறங்குவதற்கு முன் வனத்துறையிடம் அனுமதி பெறுவது கட்டாயம். மீனவர்கள் பார் என்று அழைக்கும் அத்திட்டுகளின் மீது காற்று மாறும்போது சேறு கலங்கிவிடும். எந்த வாரத்தில் நீர் தெளியும் என்பதை அவ்வூர் மீனவரிடம் கேட்டறிவதே நலம்.

நாளின் எந்த வேளை என்றால், காலைதான். காற்று எழுவதற்கு முன் நீர் அலையின்றி இருப்பது ஒரு காரணம். இம்மீன்கள் பெரும்பாலும் காலை வேளையில் முட்டையிடுகின்றன என்பது அதைவிடப் பெரிய காரணம். பெருமழைக்கு மறுநாளும், ஓதம் வேகமாக ஏறி இறங்கும் நேரத்திலும் இறங்க வேண்டாம். தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது. முதுகுக்கு வெயில் படாமலிருக்க நீண்ட கைகொண்ட நீச்சல் உடையை அணிந்தால், நீரில் கரையும் பூச்சுகளின் தேவை வெகுவாகக் குறையும்.

சரியான மீனை அடையாளம் காணுதல்

பட்டைகள் கொண்ட மீன்கள் எல்லாம் ஒன்றல்ல. இதே திட்டுகளில் இதன் நெருங்கிய உறவினங்கள் பலவும் கலந்து திரிவதால், முதலில் வாலைப் பார்க்கப் பழக வேண்டும். வால் துடுப்பின் மேல் பிரிவிலும் கீழ்ப் பிரிவிலும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல ஒவ்வொரு கருங்கோடு ஓடினால், அது அபுடெஃப்டஃப் செக்ஸ்ஃபாசியாட்டஸ். அக்கோடுகள் இல்லாமல், முதுகில் மஞ்சள் இருந்து, ஐந்து பட்டைகளும் தெளிவாக இருந்தால் அது நாம் தேடும் வைஜியென்சிஸ். பட்டைகள் ஆறேழாகவும் மெல்லியவையாகவும் இருந்து, வால் நுனிகள் உருண்டிருந்தால் அது வங்காள சார்ஜன்ட். வாலின் அடிக்காம்பின் மேற்புறத்தில் ஒரு கரும்பொட்டு தெரிந்தால், அது அலை மோதும் பாறைகளை விரும்பும் சார்டிடஸ்.

நிறத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வருவது ஆபத்தானது, ஏனெனில் நிறம் இம்மீனின் நிலையையும் சொல்கிறது. மணற்பரப்பின் மேலே வெயிலில் மேயும்போது உடல் வெண்மையாகவும், இடுக்கின் நிழலுக்குள் போனதும் கருமையாகவும் தோன்றும். முட்டைகளைக் காக்கும் ஆணின் உடல் நீலமாக மாறும். பட்டைகளுக்கும் உடலுக்கும் இடையிலான வேறுபாடு மங்கும். ஆகவே கூட்டத்தினின்று விலகி, பாறையருகே நீலநிறத்தில் நிற்கும் ஒரு மீனைக் கண்டால், அதை வேறோர் இனமென்று ஒதுக்கிவிட வேண்டாம். நீங்கள் தேடிவந்தது அதைத்தான்.

நின்று பார்த்தல்

மீனைப் பின்தொடரக் கூடாது என்பதே முதல் விதி. துரத்தப்படும் மீன் தப்பி ஓடுவதைத் தவிர வேறெதையும் காட்டாது. திட்டின் ஒரு மூலையைத் தேர்ந்துகொண்டு, இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் கைகால்களை அசைக்காமல் நீரின் மேற்பரப்பில் மிதந்திருங்கள். முதலில் விலகிய கூட்டம் சிறிது நேரத்தில் தன் வேலைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு நீங்கள் காண்பதுதான் அதன் இயல்பான வாழ்க்கை.

நீரோட்டம் வந்து மோதும் விளிம்பைத் தேர்ந்தெடுப்பது சிறந்தது. அங்கே சார்ஜன்ட் மீன்கள் ஓட்டத்தை எதிர்கொண்டு அணியாக நின்று, கண்ணுக்குத் தெரியாத எதையோ கொத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கொத்தலும் ஒரு மிதவையுயிரியைப் பிடிக்கும் முயற்சி: வாய் ஒரு கணம் குழாய்போல முன்னே நீண்டு, நீரோடு இரையையும் உறிஞ்சிக்கொண்டு பின்வாங்கும். பாறையில் படர்ந்த பாசியையும் சிறு உயிரினங்களையும் கூட இது கடித்துண்ணும். ஆனால் கூட்டமாக மேலெழுந்து மிதவையுயிரிகளை உண்பதே திட்டுக்கு இதனால் விளையும் பெரிய நன்மை. வெப்பமண்டலக் கடலின் தெளிந்த நீரில் ஊட்டச்சத்து மிகக் குறைவு. பகல் முழுவதும் திறந்த நீரில் உண்டுவிட்டு மாலையில் இடுக்குகளுக்குள் ஒடுங்கும் மீன்களின் கழிவு வழியாக, வெளிக்கடலின் சத்து திட்டுக்குள் வந்து சேர்கிறது.

அதே இடத்திலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். டாம்செல் குடும்பத்தின் மற்ற வாழ்க்கை முறைகளையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். கிளைப்பவளத்தின் மேலே பச்சைநீலமாய் மின்னும் குரோமிஸ் கூட்டம், உங்கள் நிழல் பட்டதும் ஒரே கணத்தில் கிளைகளுக்குள் மறையும். அதற்கும் கீழே, மூன்று கரும்பட்டைகள் கொண்ட சிறிய டாசிலஸ் அருவானஸ் ஒரே பவளக் கொத்தைவிட்டுச் சிறிது தொலைவுகூடப் போகாமல் வாழும். அதன் குழுவில் உடலளவைப் பொறுத்த வரிசை உண்டு, தலைமை ஆண் இல்லாமல் போனால் பெரிய பெண் ஆணாக மாறுவதும் உண்டு. இரவில் அம்மீன்கள் கிளைகளுக்கிடையே துடுப்பசைத்தபடி தங்கியிருப்பதால், உள்ளே தேங்கும் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிடாமல் பவளம் பிழைக்கிறது என்பதைச் செங்கடலில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. தட்டையான சிதைந்த பவளத்தின் மீது புல்தரைபோலப் பாசி வளர்ந்திருந்தால், அது பெரும்பாலும் ஸ்டெகாஸ்டெஸ் வகை டாம்செல் மீனின் வேளாண்மை. தனக்கு ஒவ்வாத பாசிகளைப் பிடுங்கி அப்பால் கொண்டுபோய்த் துப்பி, தனக்கு வேண்டிய மென்பாசியை மட்டும் வளர்த்து, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய கிளிமீனையும் அது விரட்டுவதைக் காணலாம். இக்குடும்பத்தின் இனங்கள் உடலமைப்பில் மிக ஒத்தவை. ஒரு சிறு திட்டில் இத்தனை விதமாகப் பிழைப்பை அமைத்துக்கொண்டிருப்பது வியந்து பார்க்க வேண்டியது.

காதுகளையும் பயன்படுத்துங்கள். மூச்சை அடக்கி அமைதியாக மிதந்தால், டாம்செல் மீன்கள் எழுப்பும் குறுகிய தட்டொலிகள் கேட்கக்கூடும். கோமாளி மீன்களில் இவ்வொலி தாடைகளை விரைந்து மூடுகையில் பற்கள் மோதுவதால் பிறக்கிறது என்று 2007இல் கண்டறியப்பட்டது. பல இனங்களின் ஆண்கள், பெண்ணை அழைக்கும்போது சற்று மேலெழுந்து சட்டென்று கீழே பாயும் அசைவோடு இவ்வொலியையும் சேர்த்து எழுப்புகின்றன.

முட்டைப்பரப்பைக் கண்டறிதல்

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். பாசி படிந்த பாறையின் செங்குத்தான முகப்பிலோ, சற்றே கவிந்த பாறையின் அடியிலோ ஓரிடம் மட்டும் துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருக்கிறதா என்று தேடுங்கள். முட்டையிடும் காலம் நெருங்கும்போது ஆண்மீன் தனக்கென ஓரிடத்தைப் பிடித்து, அங்குள்ள பாசியையும் சிறு உயிரினங்களையும் வாயால் கடித்து அகற்றித் தூய்மையாக்கும். அண்டைப் பாறைகளில் பல ஆண்கள் ஒரே காலத்தில் இவ்வாறு இடம் பிடிப்பதும் உண்டு. அப்படியொரு குடியிருப்பைக் கண்டால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

தூய்மையான இடத்துக்கு மேலே நீலநிற ஆண் வட்டமிட, ஒரு பெண்மீன் வந்து வயிற்றைப் பாறையோடு ஒட்டியபடி மெதுவாக ஊர்வதைக் கண்டால், முட்டையிடல் நடக்கிறது என்று பொருள். பெண் ஒட்டும் தன்மையுள்ள முட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையில் பதித்துச் செல்ல, ஆண் பின்தொடர்ந்து அவற்றின்மேல் விந்தைத் தூவும். வேலை முடிந்ததும் பெண் கூட்டத்துக்குத் திரும்பிவிடும். அதன்பின் குஞ்சு பொரிக்கும் வரையிலான பொறுப்பு முழுவதும் தந்தையுடையது. அதே இடத்தில் வேறு பெண்களும் வந்து முட்டையிடுவதால், ஒரு பரப்பில் பல்லாயிரம் முட்டைகள் சேரும். ஏற்கெனவே முட்டைகள் உள்ள இடத்தையே பெண்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பது பல டாம்செல் இனங்களில் காணப்பட்டுள்ளது.

முட்டைகளின் வயதை நிறத்தால் அறியலாம். புதிதாக இட்டவை செம்மையும் ஊதாவும் கலந்த நிறத்தில், பாறையில் சாயம் பூசியதுபோல ஒரே சீராகத் தோன்றும். கரு வளர வளர மஞ்சட்கரு கரைந்து, பரப்பு பச்சை சாயலுக்கு மாறும். பொரிக்கும் நாள் நெருங்கியதும், ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கருவின் கண்கள் வெள்ளிப் புள்ளிகளாக மின்னும். நீரின் வெப்பத்தைப் பொறுத்து, இவ்வளர்ச்சி முழுவதும் நான்கைந்து நாள்களிலிருந்து ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஒரே பரப்பில் இருவேறு நிறத் திட்டுகள் தெரிந்தால், அவை வெவ்வேறு நாள்களில் இடப்பட்டவை.

காவல்காக்கும் ஆணின் நடத்தையைக் குறைந்தது கால் மணிநேரம் தொடர்ந்து பாருங்கள். அது மார்புத்துடுப்புகளையும் வாலையும் வீசி முட்டைகளின் மேல் புதுநீரைப் பாய்ச்சும்; இறந்துபோன முட்டைகளைப் பொறுக்கி எடுக்கும்; இடையிடையே அம்புபோல் பாய்ந்து எதிரிகளை விரட்டும். எதிரிகளில் ராஸ் எனப்படும் மெல்லிய வண்ணமீன்களும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் முதன்மையானவை. தனியாக வரும் திருடனை ஆண் எளிதில் துரத்திவிடும். கூட்டமாக வந்தால், ஒன்றை விரட்டும் நேரத்தில் மற்றவை உள்ளே புகுந்து சில நிமிடங்களில் பரப்பைக் காலியாக்கிவிடும். தந்தையே தன் முட்டைகளில் சிலவற்றை உண்பதும் உண்டு. நெருங்கிய உறவினமான செக்ஸ்ஃபாசியாட்டஸில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது: உணவு தேடப் போக முடியாத காவல் நாள்களில் எஞ்சிய முட்டைகளைக் காக்கும் வலிமையை அது இவ்வாறு பெறுகிறது, முட்டைகள் மிகக் குறைவாக இருந்தால் முழுவதையும் உண்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் கூடும். இதைக் கண்டு அருவருப்படைய வேண்டியதில்லை. எத்தனை நெருக்கடிக்குள் அந்தக் காவல் நடக்கிறது என்பதையே இது உணர்த்துகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண்மீன் உங்களை நோக்கிப் பாய்ந்தால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அதன் கடி உங்களுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் அது உங்களை விரட்டும் ஒவ்வொரு நொடியும் முட்டைகள் காவலின்றி இருக்கின்றன. உடனே பின்வாங்குங்கள். படமெடுப்பதற்காகக் காவல் மீனை விலக்குவது ஒரு தலைமுறையைத் திருடர்களிடம் ஒப்படைப்பதாகும். மீன்களைக் கூட்டமாக வரவழைக்க ரொட்டித் துண்டுகளைப் போடும் பழக்கமும் தீங்கானது: முட்டைத் திருடர்களும் சேர்ந்தே வருவார்கள், மீன்களின் இயல்பான நடத்தையும் குலைந்துவிடும். எங்கு இளைப்பாற நேர்ந்தாலும் பவளத்தின்மேல் கால் ஊன்றக் கூடாது. உங்கள் கால்களுக்கும் அது நல்லது, கல்மீனும் நீள்முள் கடல் முள்ளெலியும் அங்கேதான் இருக்கும்.

கண்ணுக்கெட்டாத மூன்று வாரங்கள்

குஞ்சுகள் கதிரவன் மறைந்த பின்னர், இருட்டத் தொடங்கும் வேளையில் பொரிக்கும். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான அவை, பகலில் வேட்டையாடும் மீன்கள் ஒடுங்கிய அந்நேரத்தில் மேலெழுந்து நீரோட்டத்தோடு திறந்த கடலுக்குப் போய்விடுகின்றன. அங்கே ஏறத்தாழ மூன்று வாரங்கள் மிதவையுயிரிகளோடு வாழ்ந்த பின், திட்டிலிருந்து வரும் ஒலியையும் மணத்தையும் உணர்ந்து தப்பிப் பிழைத்தவை குடியேற வருகின்றன. சார்ஜன்ட் குஞ்சுகள் மிதக்கும் பொருள்களின் அடியில் ஒதுங்கி மேலும் நெடுந்தொலைவு பயணம் செய்யக்கூடியவை.

இம்மீன் புதிய கரைகளை எட்டுவதற்கு அந்தப் பயணமே காரணம். ஹவாய்த் தீவுகளில் 1990களில் தென்படத் தொடங்கிய வைஜியென்சிஸ், அங்கு மட்டுமே வாழ்ந்துவந்த அபுடெஃப்டஃப் அப்டொமினாலிஸோடு கலப்பினமும் ஈன்றுள்ளது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஒவ்வொரு கோடையிலும் இதன் குஞ்சுகளைச் சிட்னி வரை கொண்டுசெல்கிறது. குளிர்காலம் வந்ததும் அவற்றில் பெரும்பாலானவை மடிகின்றன, கடல் அவ்வளவாகக் குளிராத ஆண்டுகளில் சில தப்பிவிடுகின்றன. கடல் வெப்பமடைவதை அங்குள்ள ஆய்வாளர்கள் இம்மீனைக் கொண்டும் கணிக்கிறார்கள்.

கடல் அளவுக்கு மீறிச் சூடாகிப் பவளம் வெளிறும் ஆண்டுகளில் டாம்செல் குடும்பத்தினர் அனைவரும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை என்பதையும் நேரில் காணலாம். 1998இலும் 2016இலும் நிகழ்ந்ததுபோலக் கிளைப்பவளங்கள் வெளிறி மடியும்போது, அக்கிளைகளையே வீடாகக் கொண்ட குரோமிஸும் டாசிலஸும் குறையும்; பாறையும் தூணும் போதுமான சார்ஜன்ட் நிலைத்திருக்கும். ஆதலால் சார்ஜன்ட் கூட்டம் பெரிதாக இருப்பதை மட்டும் வைத்துத் திட்டு நலமாக உள்ளது என்று முடிவு செய்யாமல், அதனருகே மற்ற இரண்டும் உள்ளனவா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பெடுத்தல்

நீரில் எழுதக்கூடிய நெகிழிப் பலகையும் பென்சிலும் போதும். நாள், நேரம், ஏறத்தாழ ஆழம், முட்டைப்பரப்பு அமைந்த பாறையின் திசை, பரப்பின் அகலம், முட்டையின் நிறம், காவல் மீன் எத்தனை முறை பாய்ந்தது, யாரை விரட்டியது என்பவற்றைக் குறியுங்கள். இனத்தை உறுதிசெய்ய வால் தெளிவாகத் தெரியும் படமொன்று வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இட்டால் இனமறிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்வார்கள், உங்கள் பதிவும் மற்றவர்களுக்குப் பயன்படும்.

ஒரே முட்டைப்பரப்பை அடுத்தடுத்த நாள்களில் சென்று பார்க்க முடிந்தால் மிக நன்று. ஒரு காலையில் பாறை வெறுமையாகக் கிடந்தால், முந்தைய நாளின் குறிப்பைப் பாருங்கள். முட்டைகளில் வெள்ளிக் கண்கள் தெரிந்திருந்தால், நேற்று மாலை அவை பொரித்திருக்க வேண்டும். முட்டைகள் செந்நிறமாகவே இருந்திருந்தால், அவை உண்ணப்பட்டுவிட்டன. பாறையில் அங்குமிங்கும் ஒட்டிய சில முட்டைகளும் சுற்றிலும் உலவும் ராஸ் மீன்களும் அதற்குச் சான்றாகலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும், அந்த ஆண் இன்னும் அங்கே நின்று பாறையைக் கடித்துத் துடைத்துக்கொண்டிருந்தால் அடுத்த தொகுதி முட்டைகளை அதே முகப்பில் எதிர்பார்க்கலாம். குறிப்பேட்டில் முதல் நாள் என்று மீண்டும் எழுதித் தொடங்குங்கள்.